நான் எதிர்த்த நாற்பத்தெட்டு வீடுகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்தி, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நீ சிரித்தால் எனக்குப் பாதி விஷயம் மறந்து போகும். தவிர, இது நான் என்னைப் பற்றியே கொடுக்க வேண்டிய புகார். புகார் என்றால் எழுத்தில் இருப்பதுதான் முறை.

நம் வீட்டுக்குப் பின்னால் நகராட்சியின் பழைய லாரி ஷெட் மைதானம் இருக்கிறதே, அங்கே மூன்று மாதம் முன்பு ஒரு பலகை நட்டார்கள். நாற்பத்தெட்டு வீடுகள், நான்கு மாடி, குறைந்த வாடகை, இந்த ஊரில் வேலை பார்த்தும் இந்த ஊர் வாடகையைக் கொடுக்க முடியாதவர்களுக்கு. செலவில் பாதியை மேலே அரசாங்கம் தரும், மறுபாதியை நகராட்சி தன் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் நகரமன்றம் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேலிருந்து வருகிற பாதி வேறு ஊருக்குப் போய்விடும். இதையெல்லாம் நான் பிற்பாடுதான் படித்தேன். அன்று என் கண்ணில் பட்டது 'நான்கு மாடி' என்ற இரண்டு வார்த்தைதான். நான்கு மாடி வந்தால் பின்பக்கப் படிக்கட்டில் மாலைக் காற்று போச்சு, கொடியில் காயும் என் பனியன்களின் ஓட்டைகளை நாற்பத்தெட்டுக் குடும்பம் உட்கார்ந்து எண்ணும். அன்று சாயங்காலமே தெருப் பாதுகாப்புக் குழு ஆரம்பித்துவிட்டேன். தலைவர் நான், செயலாளர் எதிர்வீட்டுத் தையல்காரர், உறுப்பினர்கள் போகப்போக வருவார்கள் என்று தீர்மானம் போட்டோம். உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "தலைவருக்குச் சர்க்கரை போடலாமா, இல்ல அதுக்கும் ஒரு கூட்டம் கூட்டணுமா" என்று கேட்டாள். பொதுவாழ்க்கைக்கு வந்தவன் பொறுத்துத்தான் போக வேண்டும், சர்க்கரை இல்லாமலே குடித்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், வீட்டில் கால் நீட்ட இடமில்லை என்று தினமும் கத்துகிறவனும் நானேதான். உன் பழைய அறையில் உன் தம்பியும் அவன் மனைவியும் குழந்தையுமாக நாலு வருஷமாக இருக்கிறார்கள். அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான், அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறாள், இரண்டு சம்பளத்தையும் சேர்த்தாலும் இந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக்கூட விட முடியாது. குளியலறைக்கு நான் ஒரு நேர அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினேன். எனக்கு ஆறு பத்து முதல் ஆறு இருபத்தைந்து. உன் தம்பி மகள் அதன்மேல் ஒரு பூனையை வரைந்துவிட்டாள், பூனையின் வயிறு சரியாக என் நேரத்தின்மேல் விழுந்திருக்கிறது, அதனால் என் நேரம் செல்லாது என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். குளியலறைக்கு வெளியே துண்டோடு வரிசையில் நிற்கும்போதுகூட, பின்னால் வீடு வரக் கூடாது என்பதற்குத்தான் மனதுக்குள் வாசகம் தேடிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

வீடுகள் வேண்டாம் என்று ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். முதல் கையெழுத்து நம் தெரு மூலையில் ஆறு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறாரே, வருஷா வருஷம் வாடகையை ஏற்றுகிறவர், அவருடையது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன் பேனாவாலேயே போட்டார். எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லையே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. நூற்றுப் பதினோரு கையெழுத்து சேர்ந்த பிறகு பேக்கரிக்குப் போனேன். அங்கே மாவு பிசைகிற அம்மா என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மைதானத்து வீட்டுக்குத்தானே சார்? நானும் மனு போட்டிருக்கேன். ரெண்டு பஸ் மாறி வரேன், பிள்ளைங்க முழிச்சிருக்கிறப்ப பாக்கிறதே ஞாயித்துக்கிழமைதான். எங்க போடணும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடுவதற்குள் அவர் போட்டுவிட்டார், தாளில் மாவுக் கட்டைவிரல் அச்சு வேறு. அதோடு விட்டாரா, "எங்களுக்காக அலையறீங்களே" என்று சூடாக ஒரு பன்னை என் கையில் வைத்தார். மறுத்திருக்கலாம். விளக்கியாவது இருக்கலாம். நான் பன்னைத் தின்றேன். நல்ல பன், அதுதான் இன்னும் கேவலம். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், நூற்றுப் பன்னிரண்டு என்ற எண் பார்க்க எடுப்பாக இருந்தது, மூடி வைத்துவிட்டேன்.

நகரமன்றக் கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு. காலையில், அங்கே தூக்கிப் பிடிக்க நான் செய்த அட்டையில் 'வேண்டாம்' என்ற சொல்லின் 'ம்' மட்டும் கழன்று தொங்கியது, ஒட்டும் நாடா தேடி உன் தம்பி அறைக்குள் போனேன். கட்டில்மேல், கட்டிலுக்கடியில், ஜன்னல் ஓரம், எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டி. பாதி கட்டியாகிவிட்டது, குழந்தையின் குளிர் உடுப்பெல்லாம் உள்ளே. மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க மாமா" என்றாள். ரத்தம் எடுக்கிறவள் இல்லையா, ஊசி இறங்கும்போது வலிக்காது, அப்புறம்தான் தெரியும். "ரெண்டாவது வரப்போகுது மாமா. இந்த ரூம்ல தொட்டில் போட்டா கதவு திறக்காது. நாலு மணி நேரத் தூரத்துல ஒரு ஊர்ல ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சிருக்கு, வாடகையும் பாதிதான். மைதானத்து வீட்டுக்கு நாங்களும் மனு போட்டிருந்தோம். அது வராதுன்னு நீங்கதான் உறுதியாச் சொல்லிட்டீங்களே, அதான்." ஒரு சொல்லில்கூடக் குற்றம் இல்லை, மழை வரும் என்று சொன்னீர்களே, குடை எடுத்துக்கொண்டேன் என்கிற மாதிரி சொன்னாள். (இரண்டாவது குழந்தை விஷயம் உனக்கு முன்பே தெரியும் என்றால் என்னிடம் சொல்லாதே, எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது என்பது எனக்குத் தெரிய வேண்டாம்.) கூடத்துக்கு வந்தால் உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள், "முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா நின்னு 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு'ன்னு தொண்டை கிழியக் கத்தின மனுஷன், ரிட்டயர் ஆனதும் படிக்கட்டுல குறுக்க கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு." அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மனுவை மட்டும் வைத்துவிட்டுப் போக முடியவில்லை, அதைத் தையல்காரர் ஏற்கெனவே அலுவலகத்தில் சேர்த்துவிட்டார்.

மன்றத்தில் மின்விசிறி சத்தமும் மைக் கத்தலும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. தலைவி கண்டிப்பான அம்மா, ஆளுக்கு மூன்று நிமிஷம், மணி அடித்தால் உட்கார வேண்டும். நம் வார்டு உறுப்பினர் மின்சாமான் கடைக்காரர், "தெருவே வேண்டாங்குது, நான் எப்படிக் கையத் தூக்கறது" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எழுத்தர் நம் மனுவிலிருந்து பெயர்களை வாசித்தார். கடைசிப் பெயரை வாசித்ததும் பின் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பேக்கரி அம்மா எழுந்து நின்றார், வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறார், முழங்கை வரை மாவு. "அம்மா, நான் வீடு வேணும்னுதானே போட்டேன்? இந்த சார்தான் வாங்கினாரு. கேட்டுப் பாருங்க, பன்னுகூடக் குடுத்தேன்" என்றார். மன்றமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த அந்தப் பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. மைக்குக்கு வரும்படி தலைவி என்னைக் கூப்பிட்டார். பையில் ஐந்து பக்கப் பேச்சு இருந்தது, அதில் ஒரு வரிகூட உதவாது என்று மைக்கிடம் போகும்போதே தெரிந்துவிட்டது. "அந்த மனுவுல ஒரு கையெழுத்து ஏமாத்தி வாங்கினது, ஒண்ணு ஏமாந்து போட்டது. ஏமாத்தி வாங்கினது அந்தம்மாவோடது. ஏமாந்து போட்டது முதல் பக்கத்துல தலைவர்னு இருக்குதே, என்னோடது. ரெண்டையும் அடிச்சிருங்க" என்றேன். ஆறு வீட்டுக்காரர் எழுந்து, "யோவ், நீ எங்க ஆளுய்யா!" என்று கத்தினார். அதற்குமேல் நான் பேசாமல் இறங்கியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் மூன்று நிமிஷத்தில் இரண்டு மீதி இருந்தது, விடுவேனா, படிக்கட்டில் விளக்கு வேண்டும், எங்கள் துணிக்கொடிப் பக்கம் பெரிய ஜன்னல் வைக்கக் கூடாது, மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒழுகவிடக் கூடாது என்று அடுக்கினேன். தலைவி மணியில் கை வைத்துக்கொண்டு, "ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார். "ஆதரிக்கிறேன், முணுமுணுத்துக்கிட்டே" என்றேன். எழுத்தர் அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றிவிட்டார். எட்டுக்கு ஏழு என்று நிதி ஒதுக்கீடு நிறைவேறியது. எட்டாவது கை மின்சாமான் கடைக்காரருடையது, பின் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார்.

அதற்கப்புறம் தெருவில் எனக்கு நல்ல காலம் இல்லை. குழுவுக்கு இப்போது தலைவர் தையல்காரர், உறுப்பினரும் அவரே. அவரிடம் சுருக்கக் கொடுத்த என் கால்சட்டை ஒரு கால் குட்டையாகத் திரும்பி வந்தது, கை தவறிவிட்டதாம். பேக்கரி அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மாவைப் புரட்டிப் புரட்டி அடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார், கடைசியில், "சரி சார், அந்த பன்னுக்குக் காசு வெச்சிட்டுப் போங்க" என்றார். வைத்தேன், மனசு கொஞ்சம் லேசாயிற்று. வீடு கட்டி முடிய ஒன்றரை வருஷம் ஆகும், முந்நூறு பேருக்கு மேல் மனு, குலுக்கலில்தான் தருவார்கள், ஆகவே உன் தம்பிக்கு விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும், "குலுக்கல் வரைக்கும் இருந்து பாக்கலாம் மாமா" என்று மருமகள் சொல்லிவிட்டாள், பெட்டிகளைப் பிரித்தாயிற்று. தச்சரைக் கூப்பிட்டு அந்த அறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டேன், இனி உள்ளே தொட்டில் தாராளமாகப் போடலாம். கதவு திறக்கும்போது குளியலறை வரிசையில் நிற்கிறவர் முதுகில் இடிக்கிறது, அந்த முதுகு பெரும்பாலும் என்னுடையதுதான், போகட்டும்.

நீ போனதில் எனக்கு வருத்தம் கிடையாது கண்ணு, நீ படிப்புக்கும் ஆசைக்கும் போனாய், வழியனுப்பக் கையசைத்தது நானே. அவன் போக இருந்தது நாலு சுவர் கிடைக்காமல். அந்தச் சுவருக்கும் நான்தான் குறுக்கே நின்றேன். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். மனுவைச் சரிபார்க்கப் போன வாரம் ஒரு அலுவலர் வந்தார். நகராட்சிப் பதிவேட்டில் இந்த வீட்டில் ஆறு பேர் என்று இருக்கிறது, ஐந்து பேர்தானே இருக்கிறீர்கள், ஆறாவது யார் என்று கேட்டார். நீதான். ஆறு வருஷமாகக் கணக்கெடுக்க வருகிறவரிடமெல்லாம் உன் பெயரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன், ஆள் எங்கே என்றால் "வெளிய போயிருக்கா" என்பேன், பொய் இல்லையே. கணக்கு ஒத்துவராதவரை தம்பியின் மனு நகராதாம், நீ உன் கையால் எழுதித் தர வேண்டுமாம். இருபதாம் தேதிக்குள் வந்து சேரும்படி அனுப்பு. அதிகம் வேண்டாம், 'நான் இப்போது அந்த வீட்டில் வசிக்கவில்லை' என்று ஒரே வரி, கீழே கையெழுத்து. உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு வாழ எங்கள் ஆசிகள். அந்த ஒரு வரியை மட்டும் தனி உறையில் போட்டு, நன்றாகப் பசை தடவி ஒட்டி அனுப்பு. பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா