தப்பிச்சுட்டேன் என்ற சொல்

செவ்வாய்க்கிழமை இரவு, சுவா சூ காங், சிங்கப்பூர்

உடம்பு அசந்துவிட்டது, ஆனால் தூக்கம் வரவில்லை.

கட்டுமானத் தளத்தில் சாரம் சரிந்த விபத்தை இன்று விசாரித்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர். சாட்சி முருகேசன், பட்டுக்கோட்டைக்காரர். அவரோடு மேலே நின்ற செல்வம் மருத்துவமனையில் இன்னும் கண் விழிக்கவில்லை.

"நான் தப்பிச்சுட்டேன், செல்வம் மாட்டிக்கிட்டான்" என்றார் முருகேசன். நான் யோசிக்காமல் ஆங்கிலத்தில் 'எஸ்கேப்' என்று சொல்லிவிட்டேன். நண்பனை விட்டுவிட்டு ஏன் ஓடினார் என்று விசாரணை அதிகாரி உடனே கேட்டார். அதையும் நான்தான் தமிழில் கேட்க வேண்டியிருந்தது.

முருகேசன் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஓடலக்கா! ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவன்கூடத்தான் இருந்தேன்."

உயிர் பிழைத்தார் என்பதுதான் பொருள், தவறு என்னுடையது என்று அதிகாரியிடம் விளக்கினேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

பிறகு தேக்கா கடைத்தெருவில் முருகேசனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றார். அப்போது அவருடைய போன் அடித்தது. "செல்வத்தோட சம்சாரம். நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்கன்னு தினமும் கேக்குது. இன்னிக்கு நீங்க பேசுங்கக்கா, என்னால முடியல."

வாங்கிப் பேசினேன். அவள் கேட்டது வேறு. "அவரும் பிழைச்சுடுவாருல்லக்கா?"

"பிழைச்சுடுவாரும்மா" என்றேன்.

தெரியாததைச் சொல்வது என் வேலை இல்லை. சொல்லிவிட்டேன்.