ரவிக்கைக் கொக்கியும் ரிமோட் லாரியும்

என் வீட்டு அமைச்சருக்கு, முட்டிவலி குறைந்ததா?

“எது எப்ப உதவும்னு யாருங்க கண்டா?” என்று கேட்டு, என் பெட்டியில் ரவிக்கைக் கொக்கி அட்டையைத் திணித்தாயே, அன்று சிரித்தேன்.

என் அறைத்தோழரான லாரி ஓட்டுநர், ரிமோட்டில் ஓடும் முழ நீள லாரி செய்திருக்கிறார். நேற்று அதை ஊரிலுள்ள தன் மகளுக்குப் போனில் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. லாரியோடு அசையாமல் திருகாணியால் இறுக்கிய பின்வண்டியோ மேட்டில் லாரியையும் சேர்த்துக் கவிழ்த்தது.

உன் கொக்கியை லாரியிலும் வளையத்தைப் பின்வண்டியிலும் பொருத்தினோம். அரைச் செங்கல்லோடு ஜல்லிமேட்டில் ஏறியது. லாரி இடம் சாய, பின்வண்டி வலம் சாய்ந்தது. நகக்கண் அளவுக் கம்பி விடவேயில்லை!

“சார், வீட்டம்மா இன்ஜினீயரா?” என்றார் ஓட்டுநர்.

“அதுக்கும் மேல!”

இன்னோர் அட்டை அனுப்பு. சட்டைப் பொத்தானும் தொங்குகிறது. நீ போடும் முடிச்சு எனக்கு வரவில்லை. பாடம் எடுக்க வகுப்புக்கு நேரமாகிறது.

ஒரு கொக்கியை வளையத்தில் மாட்டி, இரண்டையும் எதிரெதிராகத் திருப்பிப் பார்.