நடு குழிந்த வில்லை

1954, அக்டோபர் 12, செவ்வாய்

காலை முதல் தூறல். வேட்டி காயவில்லை. இன்றைய வேலை: பேட்டரி, மீட்டர், பட்டாளத்துப் பழைய சாமானில் வந்த மூன்று செ.மீ. அலைக்கருவி. அலையை ஒரு புள்ளியில் குவிக்கும் வில்லைக்கு முதல் சோதனை. கண்ணாடி அல்ல, இரண்டு செ.மீ. சந்து விட்டு நிறுத்திய பன்னிரண்டு தகரத் தகடுகள்.

து.த. (துறைத் தலைவர்), மாணவர்கள், தகடு வெட்டிய கோட்டாறு சுப்பையா ஆசாரி எல்லாரும் நிற்க, வில்லையை வைத்தேன். அலை குவிந்தால் ஏற வேண்டிய மீட்டர் முள் ஏறவில்லை. இறங்கியது. "தகடு வெட்டினது சரியில்ல சார்" என்றேன், யோசிக்காமலே.

து.த.: "இனி காலேஜ் வேலைக்கு இந்த ஆளு வேண்டாம்."

மழைநீர்க் குழாய், கூரைத் தகரம், வருஷம் முழுக்க இங்கே இருந்த வேலை எல்லாம் போயிற்று ஆசாரிக்கு.

அக். 13, புதன்

மழை. தலைவலி. சுக்குக் காப்பி.

இந்தத் தகட்டு வில்லையின் படம் வந்த விஞ்ஞானச் சஞ்சிகையை மறுபடி எடுத்துப் படித்தேன். கண்ணாடிக்குள் அலை மெதுவாகும். அதனால் நடு புடைக்க வேண்டும். தகடுகளுக்கு இடையே அலைமுகடு வேகம் கூடும். அதனால் நடு குழிய வேண்டும். படத்திலும் குழிந்தே இருக்கிறது. கண்ணாடி வில்லை பாடம் நடத்திய பழக்கத்தில் நான் புடைப்பாக வரைந்து கொடுத்திருக்கிறேன்.

வரைந்து கொடுத்த அன்றே ஆசாரி கேட்டார்: "சாரே, படத்துல நடு குழிஞ்சில்லா இருக்கு? நீங்க வரைஞ்சது புடைச்சிருக்கே."

"நீரு தகரத்த வெட்டும். பௌதிகம் நான் பாத்துக்கிடுதேன்."

சொன்ன வாயை நினைத்தாலே கூசுகிறது.

அக். 15, வெள்ளி

வெயில். சவுக்காரம், விளக்குச் சிம்னி வாங்க வேண்டும்.

கோட்டாறு போனேன். ஆசாரி புனலுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். "தப்பு என் பேருலதான் ஆசாரியே" என்றேன்.

தலை நிமிரவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும் சாரே. எங்கிட்ட சொன்னா போருமா? அங்கல்லா சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். நடு குழித்து நான் வரைந்து கொண்டுபோன புதுப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

அக். 18, திங்கள்

மறுபடி தூறல். சிம்னி மறந்துபோயிற்று. புதுத் தகடுகளை ஆசாரியே சுமந்து வந்தார். வராந்தாவில் நிற்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வில்லையை வைத்ததும் முள் ஏறி ஓரத்தில் போய் இடித்தது. மாணவர்கள் கைதட்டல். து.த. முதுகில் தட்டினார்: "வேற ஆள வச்சு வெட்டினீரா? வேலை தெரிஞ்சவன் கை பட்டா எப்பிடி இருக்கு, பாத்தீரா."

வாயைத் திறந்தேன். "ஆமா சார்" என்றேன்.

வராந்தாவில் ஆசாரி குடையை விரிக்கும் சத்தம்.