மகளின் அலமாரியில் புகை வாசம்

மார்ச் 4
சிகரெட்டை விட்டு மூன்றாவது நாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பழுதுபார்க்கும் லிஃப்டின் மேல் நின்று நட்டு முடுக்கும்போது ஸ்பேனர் இரண்டு தரம் நழுவியது. கூட வேலை செய்பவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? முதலாளியிடம் போட்டுக்கொடுக்கவா?

மார்ச் 6
கிளினிக் நர்ஸ் தோளில் ஒட்டிக்கொள்ள நிக்கோட்டின் பேட்ச் கொடுத்தார். "எரிச்சல் வரும், தூக்கம் போகும், யாரைப் பார்த்தாலும் சந்தேகமா இருக்கும். மூளை பழகிப் போச்சுல்ல, இல்லைன்னதும் அடம் பிடிக்குது." இவ்வளவு தன்மையாகப் பேசுகிறாரே, பேட்சுக்குக் கமிஷன் இருக்குமோ?

மார்ச் 7
தூங்கவில்லை.

மார்ச் 11
மூக்கு திறந்துவிட்டது. சோப்பு, மழை ஈரம், எல்லாம் மணக்கிறது. மகள் அறையைக் கடந்தபோது — சிகரெட்! பதினேழு வயது. கதவைச் சாத்திக்கொண்டு இதுதான் படிப்பா? மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். இவளும் உடந்தையா?

மார்ச் 14
செய்திருக்கக் கூடாது. மகள் குளிக்கப் போன நேரம் அவள் பையைக் கட்டிலில் கொட்டினேன். பேனா, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட். அவ்வளவுதான். ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். "என்னப்பா தேடுறீங்க?" கத்தினேன். பொய் சொல்லாதே என்றேன், அவள் இன்னும் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டாள்.

ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன். பையில் சிகரெட் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. கிடைத்திருந்தால் அவளைக் கண்டித்திருப்பேனா, அதைப் பற்ற வைத்திருப்பேனா? அதற்குத்தான் தேடினேனா? சீ. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 19
ஐந்து நாளாக மகளுக்கு என்னோடு பேச்சில்லை.

மார்ச் 20
அவளே வந்தாள். என் பழைய ஸ்வெட்டரை மேசையில் வைத்தாள். வேலை இடத்தில் யாரோ திருடிவிட்டார்கள் என்று நான் ஊரையே திட்டிய அதே ஸ்வெட்டர்.

"என் அலமாரியிலதான் இருந்துச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் இதைப் போட்டுக்கிட்டுத்தான் படிப்பேன். இது சிகரெட் வாசம்னே எனக்குத் தெரியாதுப்பா. உங்க வாசம்னு நினைச்சுட்டு இருந்தேன்."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 2
ஸ்வெட்டரை மூன்று தரம் துவைத்தேன். இன்னும் சிகரெட் குடிப்பவன் மாதிரியே மணக்கிறது. நான்காவது தரம் ஊறுகிறது.

ஏப்ரல் 5
காய்ந்ததும் மகளிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். "யாரோடதோ மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கையில் கொடுத்தாள். "ரெண்டு நாள் நீங்க போட்டுட்டுக் குடுங்க. திங்கக்கிழமை பரீட்சை."

ஏப்ரல் 6
இந்த வெயிலில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.