ஓக் காட்டுக்குப் போனவர்

சான் ஹசிந்தோ, ஒவாஹாகா மலை
மே 9

அன்புள்ள எர்மிலோ அண்ணாவுக்கு,

தங்கை ஃபிலோமெனா எழுதுவது. எல்லை தாண்டி வடக்கே நீயும் அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மழை இன்னும் இல்லை. ஃபோனில் பேசினால் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஊற்றுக்கு மேலே இருந்த ஓக் காடு பாதி போய்விட்டது. இலை உதிர்ந்து நிற்கிற மாதம் பார்த்து மரம் கடத்துகிறவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். விறகுக்கு நாம் காய்ந்த கிளை மட்டும் ஒடிக்கிற மரங்களை அடியோடு சாய்த்து லாரியில் ஏற்றினார்கள். ஊற்று நூலாக இறங்குகிறது. ஒரு குடம் நிரம்புவதற்குள் முழு ஜெபமாலையும் சொல்லி முடித்துவிடலாம்.

இந்த வருஷம் காட்டுக்காவல் முறை உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர் அன்செல்மோவுக்கு. ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் தலைகுனிந்து இருக்க, இவர் எழுந்து, "நான் போய்க் கேக்கறேன். மரம் வெட்டறவனுக்கும் குடிக்கத் தண்ணி வேணும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணா. மார்ச் இருபதாம் தேதி காலையில் பீன்ஸும் நாலு சோள ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன். "உப்புப் போட்டியா, இல்ல நேத்து மாதிரிதானா?" என்று கேட்டுக்கொண்டே மலை ஏறினார். திரும்பி வரவில்லை.

நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று பயந்துதான் இத்தனை நாள் மறைத்தேன். முதல் வாரம் முப்பது ஆண்கள் தேடினார்கள். பிறகு அந்த லாரிக்காரர்கள் ஊருக்குள் வந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி நின்றுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் நானும் அவர் தங்கை ரெமெடியோஸும் மட்டும்தான் போகிறோம். வெட்டிப்போட்ட அடிமரங்களுக்கு நடுவே மண் எங்கே இளகியிருக்கிறதோ அங்கே இரும்புக் கம்பியை இறக்கி, உருவி, நாற்றம் ஏறியிருக்கிறதா என்று நுனியை முகர்ந்து பார்க்கிறோம். எதற்கென்று உனக்கு நான் எழுத வேண்டாம்.

போலீஸில் புகார் கொடுக்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி, "எத்தனை பேரு வடக்க ஓடறான். அங்க ஒருத்தியப் புடிச்சிருப்பான். வீட்டுக்குப் போம்மா" என்றார். "எங்கண்ணன் செருப்பு மாத்தவே மதினியக் கேப்பான், அவனா பொண்டாட்டிய மாத்துவான்?" என்று ரெமெடியோஸ் கத்தினாள். 'வடக்கே சென்றதாகத் தெரிகிறது' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

நீ இருக்கும் பக்கத்துப் பழத்தோட்டங்களில், கூலியாட்கள் தங்கும் கொட்டகைகளில் ஒருமுறை விசாரி. இடது புருவத்துத் தழும்பு உனக்குத் தெரியுமே. யாரோடாவது குடும்பம் நடத்துகிறார் என்றால், அவள் நல்லவளாக இருக்கட்டும். அவரைத் திட்டாதே, கை நீட்டாதே. திரும்பி வரச் சொல்லாதே. கண்ணால் பார்த்தேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். நீ மட்டும் இங்கே வராதே, அண்ணா.

உன் தங்கை,
ஃபிலோமெனா