தண்ணீருக்குப் பின் வரும் உத்தரவு

5 ஜூலை 1954, திங்கள்

சாரல். துணி காயவில்லை. கல்லூரியில் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு, பேராசிரியரைப் பார்க்க பஸ். அரசு பட்ஜெட் எப்படி உருவாகிறது என்பது என் ஆராய்ச்சி. கணக்குப்பிள்ளை வேலைக்கு எதற்குப் பட்டம் என்று சித்தி இன்னும் கேட்கிறாள். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார் பேராசிரியர். தோவாளை வாய்க்கால் பற்றியது. ஊர் இருக்கிற இருப்பில் அது தீ வைக்கும் என்றார். எடுக்காவிட்டால் ஆய்வேட்டில் ஒப்புப் போடமாட்டாராம். அத்தியாயத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

8 ஜூலை, வியாழன்

அண்ணனிடம் அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் தாலுகாக்கள் மலையாளச் சீமையை விட்டுத் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறவன். ஒரே சந்தோஷம். தூர்வாரும் பணத்தை வேண்டுமென்றே நமக்குத் தராமல் வைத்தார்கள் என்று நான் எழுதியிருப்பதாக நினைப்பு. அப்படியில்லை. பணம் ஒதுக்குகிறார்கள். உத்தரவு சர்க்கார் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கி வருவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். பிறகு எப்படி மண் அள்ள? பணம் திரும்பிப் போகிறது. வடக்கே மலையாளத் தாலுகாக்களிலும் இதே கதை.

"நீ யாருக்க பக்கம்ட்டி?" என்றான்.

10 ஜூலை, சனி

சந்தையில் நோட்டீஸ். நாளை தோவாளைக் கூட்டத்தில் நான் பேசுகிறேனாம். தலைப்பு: நமக்கு இழைத்த துரோகம். அண்ணன் என்னைக் கேட்கவே இல்லை. போனால் பேராசிரியர் கைவிடுவார். போகாவிட்டால் நோட்டீஸில் இருப்பதுதான் என் ஆராய்ச்சி என்று ஆகிவிடும்.

11 ஜூலை, ஞாயிறு

போனேன். எழுதியதையே சொன்னேன். மாநிலம் மாறினாலும் இந்த முறை மாறாவிட்டால் வயல் இப்படியேதான் கிடக்கும் என்றும். பின்னாலிருந்து ஒரு குரல், "காசு வாங்கிட்டா." மேசைமேல் மண்ணாங்கட்டி விழுந்தது. அண்ணன் தலை குனிந்தபடி. முன்னால் இருந்த விவசாயி ஒருவர் எழுந்தார்.

"அப்போ உத்தரவு எப்ப வரணும் டீச்சர்?"

பங்குனி முடியுமுன்னே என்றேன். இன்னொருவர் எழுந்தார். பிறகு கேள்விமேல் கேள்வி. வீட்டுக்குத் தனியாக வந்தேன்.

14 ஜூலை, புதன்

அடைமழை. கூட்டத்தைப் பற்றிப் பேராசிரியர் பத்திரிகையில் படித்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான்காம் அத்தியாயத்தை என் முன்னாலேயே முழுக்க வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார். இது யார் பக்கமும் சாயவில்லை என்று சொல்லி, அப்படியே ஒப்புப் போட்டார். இனி வருவதை நீயே தாங்கிக்கொள் என்றார்.

திரும்பி வந்தால் பஸ் ஸ்டாண்டில் அண்ணன்.

"போட்டாரா?"

தலையாட்டினேன். குடையை விரித்து என் கையில் தந்துவிட்டு, மழையில் முன்னால் நடந்தான்.