பக்கத்து வீட்டுச் சேதி

அன்புள்ள அக்கா,

வேலை இன்னும் முடியவில்லையா என்று போனில் கேட்டாய். எங்கே முடிகிறது? கிராமம் கிராமமாகப் போய், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பதுதானே என் ஆராய்ச்சி. யாரைக் கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிடுகிறார்கள். அதனால் இப்போது பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். மடை திறந்த மாதிரி கொட்டுகிறார்கள்.

நேற்று ஒரு பால்காரர், "பக்கத்து வீட்டுக்காரன் பாவம்மா. பொண்டாட்டி தவறினதுலேருந்து அடுப்பே மூட்டல. மாட்டுகிட்டதான் பேசுறான்" என்றார், தன் மாட்டைத் தடவிக்கொண்டே. வெளியே வந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வயல்தான். வேறு வீடே இல்லை. திரும்ப அவரிடமே போனேன்.

"அவர்கிட்ட சொல்லுங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"சொல்றேம்மா."

அம்மா போன பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்றும் கேட்டாய். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறேன்.

விடுதியில் என் பக்கத்து அறைக்காரிதான் பாவம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தூக்கிப் போடுகிறாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் தேவலை.

வருவதென்றால் சொல்லாமல் வா, அக்கா. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாள்.

உன் தங்கை